தபால் ஓட்டும் வாக்காளர் பட்டியலும்: விதி மாறினால் செலவு யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டம் செக்கானூரணிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தேர்தல் பணி பார்த்திருக்கிறேன். இப்போதும் சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் படிவத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். "டீச்சர், இது என்ன புதுசா கேக்குறாங்க?" என்று ஆரம்பித்து, "இதுக்கெல்லாம் யார் காசு டீச்சர்?" என்று போய் முடியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

விதியை மாற்றினால் அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள்?

வாக்காளர் பட்டியல் தயாரிக்கவும் திருத்தவும் ஆகும் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. மக்களவைத் தேர்தலை நடத்தும் செலவு மத்திய அரசுடையது. சட்டமன்றத் தேர்தல் என்றால் மாநில அரசுடையது. இரண்டும் சேர்ந்து வந்தால் பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

இது கஜானாக் கணக்கு. இதற்கு வெளியே இன்னொரு கணக்கு ஓடுகிறது. படிவம் கொடுக்கப் போய் வேலையை விட்டவரின் ஒரு நாள் கூலி, ஆட்டோக் காசு, கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்த ஐம்பது ரூபாய், ராத்திரி உட்கார்ந்து படிவம் அடுக்கிய அங்கன்வாடி ஊழியரின் தூக்கம். அரசு ஒரு விதியை மாற்றி மிச்சம் பிடிக்கும்போது பல தடவை அந்தச் செலவு இந்தப் பக்கம் வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பதில்களில் நான் அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

மாற்றுவதற்கு முன்னால் செலவுக் கணக்கு போடுவார்களா?

சட்டமாக வந்தால் ஓரளவு உண்டு. செலவு வைக்கும் மசோதாவோடு நிதிக் குறிப்பாணை ஒன்று இணைத்திருக்க வேண்டும் என்பது மக்களவை நடைமுறை விதி. ஆனால் தபால் ஓட்டு யாருக்கு, எந்தப் படிவத்தில், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் பெரும்பாலும் 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளிலும், பட்டியல் சங்கதிகள் 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளிலும் இருக்கின்றன. இவற்றை மத்திய அரசு தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு அரசிதழ் அறிவிக்கையாலேயே மாற்றலாம். அதற்கும் கீழே ஆணையத்தின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. நம் வீட்டுக் கதவைத் தட்டுவது இந்த அறிவிக்கையும் சுற்றறிக்கையும்தான். ஒரு வாக்காளருக்கு இதனால் எத்தனை மணி நேரம், எவ்வளவு காசு ஆகும் என்று ஒரு வரி அவற்றில் இருந்து நான் படித்ததில்லை.

தபால் ஓட்டு யாருக்கெல்லாம் உண்டு?

ராணுவம், துணை ராணுவம் போன்ற பணியில் இருப்பவர்கள், தேர்தல் வேலை பார்ப்பவர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள், 85 வயதைக் கடந்தவர்கள், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகள், அப்புறம் ரயில்வே, மின்வாரியம் மாதிரி அறிவிக்கப்பட்ட அத்தியாவசிய சேவையில் அன்றைக்கு வேலையில் இருப்பவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவருக்குக் கிடையாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்களே, அது வீண் செலவு இல்லையா?

2024 மக்களவைத் தேர்தலில் நானே அந்தக் குழுவில் போனேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வண்டி, இரண்டு தேர்தல் அலுவலர்கள், ஒரு நுண் பார்வையாளர், ஒரு போலீஸ், ஒரு வீடியோகிராபர். இன்ன நாளில் இன்ன தெருவுக்குப் போகிறோம் என்று வேட்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய ஏஜென்டுகள் கூட வரலாம். அன்றைக்குக் காலையிலிருந்து இருட்டும் வரை நாங்கள் பார்த்தது 14 வீடு. வாக்குச்சாவடியில் நாலு அலுவலர்கள் ஒரே நாளில் எழுநூறு, எண்ணூறு ஓட்டைப் பதிவு பண்ணிவிடுவார்கள். காசை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இது ரொம்பக் கூடுதல்தான்.

பதினோராவது வீடு ஓடு வேய்ந்த வீடு. அப்பத்தாவுக்கு 88 வயது, இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார். மறைப்பு அட்டையை நிறுத்தி வைக்க மேஜை கிடையாது. மருமகள் அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டார், அதன் மேல் அட்டையை வைத்தோம். எல்லாரையும் வெளியே அனுப்பினோம். பேனாவால் குறி போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அப்பத்தா வாக்குச்சீட்டை மடித்துச் சின்ன உறைக்குள் வைத்து, பசையைத் தன் விரலாலேயே தடவி ஒட்டினார். "நல்லா ஒட்டிருச்சான்னு பாரு தாயி" என்று என்னிடம் நீட்டினார். உறுதிமொழித் தாளில் கைநாட்டு வாங்கி, அதையும் இந்த உறையையும் பெரிய உறைக்குள் போட்டு, பெட்டியில் சேர்த்தோம். மொத்தம் 25 நிமிடம். அவர் அதற்கு முன்னால் ஓட்டு போட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த 25 நிமிடத்துக்கு அரசு செலவு பண்ணியது சரியான செலவு. அதை வீண் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வீட்டிலிருந்தே ஓட்டு போடக் கேட்கும் படிவம் 12டி கொடுத்து ஏற்கப்பட்டுவிட்டால் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் ஓட்டு போட விடமாட்டார்கள். முதல் தடவை வரும்போது வீட்டில் இல்லையென்றால் இன்னொரு தடவை வருவார்கள். அத்தோடு சரி. அந்தத் தேதிகளில் ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கியிருந்தால் மாற்றி வையுங்கள்.

80 வயது என்றுதானே இருந்தது? ஏன் 85 ஆனது?

2019இல் விதி வந்தபோது 80. 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் ஊரில் 80 வயதுக்காரர்கள் வீட்டிலிருந்தே ஓட்டு போட்டார்கள். இடையில் கொரோனா நேரத்தில், 2020இல், வயதை 65ஆகக் குறைத்து விதி வந்தது. ஆனால் ஆள் பற்றாது, ஏற்பாடு செய்ய முடியாது என்று ஆணையமே அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் வாசலில் நிற்கும்போது, 85 என்று மாற்றினார்கள். 80 வயதைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் வாக்குச்சாவடிக்கு வரவே விரும்புகிறார்கள், வீட்டு ஓட்டு கேட்பவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்பது சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் காரணம்தான் எனக்கு உறுத்துகிறது. கேட்பவர்களே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்றால், அவர்களை விட்டுவிடுவதால் மிச்சமாவது எவ்வளவு? எங்கள் தெருவில் ஒரு பெரியவர். 2021இல் 81 வயது, வீட்டில் ஓட்டு போட்டார். 2024இல் 84. மூன்று வயது கூடிவிட்டது, முட்டி இன்னும் மோசம், ஆனால் உரிமை போய்விட்டது. மகன் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். போக வர 200 ரூபாய், மகனுக்கு அரை நாள். மூன்று படி ஏற இரண்டு பேர் தாங்கிப் பிடித்தோம். அந்த 200 ரூபாயும் அரை நாளும் எந்தக் கணக்கில் ஏறியது?

தேர்தல் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எப்படி ஓட்டு போடுகிறார்கள்?

சொந்தத் தொகுதிக்குள்ளேயே வேலை என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கி, வேலை பார்க்கும் சாவடியிலேயே மிஷினில் போடலாம். வேறு தொகுதி என்றால் படிவம் 12, தபால் ஓட்டு. முன்பு அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்து எண்ணும் நாளுக்கு முன் தபாலில் அனுப்பினால் போதும். 2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு பயிற்சி நடக்கும் இடத்தில் வைத்திருக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும். சீட்டு பல நாள் கையில் இருந்தால் யாராவது வந்து பேரம் பேசுவார்கள் என்ற பயம் நியாயமானது. செலவும் பெரிதாகக் கூடவில்லை, தபால் தாமதத்தால் வீணாகும் ஓட்டும் குறைந்தது. இது நல்ல மாற்றம்.

பெயர் சேர்க்கக் காசு கட்ட வேண்டுமா?

ஒரு பைசா வேண்டாம். கம்ப்யூட்டர் சென்டரில் 50, 100 வாங்குவது டைப் அடித்துக் கொடுக்கும் கூலி, அரசுக் கட்டணம் கிடையாது. சிறப்பு முகாம் நடக்கும் சனி, ஞாயிறுகளில் உங்கள் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கே போனால் கையால் எழுதிக் கொடுக்கலாம். சந்தேகம் என்றால் 1950க்குப் போன் பண்ணுங்கள்.

படிவங்களை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்?

பெரிய மாற்றம் 2022 ஆகஸ்ட் 1இல் வந்தது. அதற்கு முன் ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜனவரி 2ஆம் தேதி பிறந்த பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்கணும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாள். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளுக்கு இது பெரிய நன்மை. அலுவலகத்துக்கு வேலை கூடியது, மென்பொருள் மாறியது, பழைய படிவக் கட்டுகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயின. போகட்டும், அது பயனுள்ள செலவு.

அதோடு சேர்ந்து வந்த படிவம் 6பி பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆதார் எண் தருவது விருப்பம்தான் என்று சொன்னார்கள். படிவத்தைத் திறந்தால் இரண்டே கட்டம்: எண்ணைக் கொடு, இல்லையென்றால் என்னிடம் ஆதார் இல்லை என்று எழுது. இருக்கிறது, ஆனால் தர விருப்பமில்லை என்று சொல்ல இடமே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 செப்டம்பரில் ஆதார் கட்டாயமில்லை, படிவத்தில் தெளிவுபடுத்துகிறோம் என்று ஆணையம் சொன்னது. அதற்குள் கோடிக்கணக்கான எண்களை வாங்கியாயிற்று. ஒரு கட்டம் கூடுதலாக அச்சடித்திருந்தால் இத்தனை அலைச்சல் தேவைப்பட்டிருக்காது.

எஸ்.ஐ.ஆர். நடந்ததே, அதற்கு எவ்வளவு ஆகியிருக்கும்?

அளவைச் சொல்கிறேன். எஸ்.ஐ.ஆர். என்றால் சிறப்பு தீவிர திருத்தம், வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலையே புதிதாகத் தயாரிப்பது. 2025 நவம்பர் 4இல் தமிழ்நாட்டில் அது தொடங்கியபோது பட்டியலில் 6 கோடியே 41 லட்சம் பேர். ஆளுக்கு இரண்டு பிரதி, படம் போட்டு, பாதி விவரம் நிரப்பி அச்சடித்த கணக்கெடுப்புப் படிவம். அப்படியானால் ஏறக்குறைய 12 கோடியே 82 லட்சம் படிவங்கள். அதை வீடு வீடாகக் கொடுத்து, திரும்ப வாங்கி, செயலியில் ஏற்ற வேண்டும். டிசம்பர் 4 என்று இருந்த கெடுவைத் தள்ளித் தள்ளி டிசம்பர் 14 ஆக்கினார்கள்.

இதற்கு முன் தீவிர திருத்தம் நடந்த 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ அப்பா அம்மா பெயரோ எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை என்று கேட்டார்கள். நம் மாவட்டத்தில் அது எப்படிப்பட்ட வேலை தெரியுமா? சேடபட்டி, சமயநல்லூர் என்று இருந்த தொகுதிகள் 2008 மறுசீரமைப்பில் இல்லாமலே போய்விட்டன. இன்றைக்கு இருக்கும் தொகுதிப் பெயரைப் போட்டுத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எங்கள் திண்ணையில் ஓர் அக்கா மூன்று சாயங்காலம் வந்தார். கல்யாணத்துக்கு முன் சேடபட்டித் தொகுதியில் இருந்த தன் அப்பா பெயரைக் கடைசியில் போனில், எழுத்து மங்கிப்போன ஒரு பக்கத்தில் கண்டுபிடித்தோம். அப்பாவின் பெயரைப் பார்த்ததும் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்பா இறந்து பதினைந்து வருஷமாம்.

டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது 5 கோடியே 43 லட்சம் பேர். 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. அவற்றில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், இரட்டைப் பதிவு இருக்கிறது. அவற்றை எடுத்தே ஆக வேண்டும். செத்தவர் பெயர் பட்டியலில் கிடந்தால் என்ன நடக்கும் என்று சாவடியில் உட்கார்ந்த எங்களுக்குத் தெரியும். ஆனால் நீக்கப்பட்டதில் பெரும்பகுதி, 66 லட்சத்துக்கும் மேல், முகவரியில் இல்லை, இடம் மாறிவிட்டார் என்ற வகை. பிழைக்கப் போன ஜனங்கள் இருக்கும் வகை அதுதான்.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வைத்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். திரும்பப் பெயர் சேர்க்க 5 லட்சம் பேர் ஆளுக்கு ஒரே ஒரு நாள் வேலையை விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கோடியே 80 லட்சம் ரூபாய். பஸ் காசு தனி. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் அதில் மட்டும் கொஞ்சம் தப்பித்தோம்.

இன்னொன்று. ஓட்டு போடும் நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும். பெயரைச் சேர்க்கப் போகும் நாளுக்கு, விசாரணைக்குக் கூப்பிடும் நாளுக்கு, அப்படி ஒரு பிரிவு இல்லை. பெயர் இல்லாதவருக்கு அந்த லீவு கிடைத்து என்ன பயன்?

வீடு வீடாகப் படிவம் கொண்டு வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு, அதாவது பி.எல்.ஓ.வுக்கு, இதற்கெல்லாம் சம்பளம் உண்டா?

வருஷத்துக்கு 6,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 2025 ஆகஸ்டில் 12,000 ஆக்கினார்கள். பட்டியல் திருத்தப் பணிக்குத் தனியாகக் கொடுப்பது 1,000லிருந்து 2,000 ஆனது. இரண்டு மடங்கு என்று கேட்க நன்றாக இருக்கிறது. மாதத்துக்குப் பிரித்தால் 1,000 ரூபாய். பகலில் அங்கன்வாடிப் பிள்ளைகள், சாயங்காலம் தெருத் தெருவாகப் படிவம், ராத்திரி செயலியில் ஏற்றம். எனக்குத் தெரிந்த ஒரு பொண்ணு படிவங்களைத் தெருவாரியாகப் பிரித்துப் பழைய சேலையில் மூட்டை கட்டி வைத்திருந்தாள். சர்வர் பகலில் சுத்துகிறது என்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஏற்றினாள். அவளைத்தான் ஜனங்களும் திட்டினார்கள். வீட்டுக்கு வரும் பி.எல்.ஓ.வை உட்கார வைத்து ஒரு தண்ணி கொடுங்கள். விதியைப் போட்டது அவர் இல்லை.

ஒரு சாவடிக்கு 1,200 பேர்தான் என்று குறைத்தார்களே, அது எதற்கு?

முன்பு 1,500. குறைத்ததால் சாவடிகள் கூடும். ஒவ்வொரு புதுச் சாவடிக்கும் நாலு அலுவலர், போலீஸ், சாய்தளம், கேமரா, அப்புறம் மிஷின். ஆணையம் சொல்லியிருக்கும் விலைப்படி வாக்களிக்கும் கருவி 7,991 ரூபாய், கட்டுப்பாட்டுக் கருவி 9,812, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் காட்டும் விவிபாட் 16,132. ஒரு செட் கிட்டத்தட்ட 34,000. அரசுக்குக் கூடுதல் செலவுதான், ஆனால் வரிசை குறையும், நடக்கும் தூரமும் குறையலாம். சித்திரை வெயிலில் கைப்பிள்ளையோடு இரண்டு மணி நேரம் நின்றவர்களைக் கேட்டால் இதன் மதிப்பு தெரியும்.

திருப்பூரில் வேலை, உசிலம்பட்டியில் ஓட்டு. அங்கேயிருந்தே போட வழி உண்டா?

இன்றைக்கு இல்லை. 2022 டிசம்பரில் தொலைதூர வாக்குப்பதிவு மிஷின் என்று ஒன்றை ஆணையம் அறிவித்தது. ஒரே மிஷினில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டார்கள், எதிர்ப்பு வந்தது, அப்படியே நிற்கிறது.

அதனால் இரண்டு வழி. தேர்தலுக்குத் தேர்தல் ஆரப்பாளையம் பஸ் பிடித்து வந்து போவது, அல்லது படிவம் 8 கொடுத்துப் பெயரைத் திருப்பூருக்கு மாற்றுவது. சட்டம் நீங்கள் சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தைத்தான் கேட்கிறது. இரண்டு இடத்தில் வைத்திருப்பது குற்றம், வேண்டாம். ஆனால் வாடகை ரசீது கொடுக்காத வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு ரூம் மாறும் பையன் எந்த முகவரியைக் காட்டுவான்? இந்தக் கேள்விக்கு விதியில் பதில் இல்லை. மாற்ற வேண்டிய விதி என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுக்கு?

இந்தியக் குடியுரிமை இருந்தால் படிவம் 6ஏ கொடுத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரில் பதியலாம். போடுவதற்கு நேரில் வர வேண்டும், பாஸ்போர்ட்டோடு. ஓர் ஓட்டின் விலை ஒரு விமான டிக்கெட். பதிலாளை வைத்துப் போட வழி செய்யும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியாகிவிட்டது.

அப்படியானால் விதியை மாற்றவே கூடாது என்கிறீர்களா?

இல்லவே இல்லை. 2019 ஏப்ரல் 18 ஞாபகம் இருக்கிறதா? வாக்குப்பதிவு அன்றைக்கே மீனாட்சியம்மன் தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மாசி வீதிகளில் ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று டெல்லியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடைசியில் மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கூட்டி ராத்திரி 8 மணி வரை வாக்குப்பதிவு நடந்தது. எங்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். தேர் பார்த்துவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கு மேல் வந்தவர்களுக்கு ஓட்டு கிடைத்தது. இந்த மாதிரி மாற்றம் எத்தனை வந்தாலும் நான் வேலை பார்ப்பேன்.

நான் கேட்பது ரெண்டு விஷயம். தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது விதியை மாற்றாதீர்கள். மாற்றும்போது அரசுச் செலவோடு, வாக்காளர் ஒருவருக்கு எத்தனை நடை, எத்தனை நாள் கூலி என்பதையும் எழுதி வெளியிடுங்கள்.

பட்டியலில் என் பெயர் இல்லை. இப்போது என்ன செய்வது?

பெயர் சேர்க்கும் படிவம் 6, உறுதிமொழியோடு. கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு அதிகாரி மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டரிடம் மேல்முறையீடு, அங்கேயும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். தேர்தல் அறிவித்த பிறகும் சேர்க்கலாம். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலைத் தொடமாட்டார்கள். உங்கள் மனுவைப் பரிசீலிக்கவும் நாள் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் எங்கள் திண்ணைக்கு வாங்க. பேனா நான் வைத்திருக்கிறேன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.